கை அசைந்தால் ஒளி அசைவது எப்படி? மேடையில் மோஷன் டிராக்கிங்: ஒரு விளக்கம்

இருட்டு மேடை. நடனக் கலைஞர் ஒருவர் கையை வீசுகிறார். விரல் நுனியிலிருந்து ஒளிப்புள்ளிகள் தெறித்துப் பின்திரை முழுக்கப் பரவுகின்றன. இப்படி ஒரு காட்சி கைப்பேசியில் வந்தால், பார்த்தவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களில் ஒன்றைச் சொல்கிறார்கள்: "ஹோலோகிராம்", அல்லது "ஏஐ". அநேகமாக இரண்டுமே பொருந்தாது. அங்கே நடப்பது கீழே உள்ள மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

1. வீடியோ முன்பே தயாராகிவிட்டது. எந்த நொடியில் புள்ளிகள் தெறிக்கும் என்பது கலைஞருக்கு மனப்பாடம். அந்த நொடியில் அவர் கையை வீசுகிறார்.

2. அரங்கின் பின்னால் ஒருவர் கணினியோடு உட்கார்ந்திருக்கிறார். கலைஞரைப் பார்த்துக்கொண்டே, கை வீசப்படும் நேரத்தில் படத்தைத் தன் விரலால் இயக்குகிறார்.

3. கேமராவோ உடலில் கட்டிய சென்சாரோ அசைவை அளக்கிறது. அந்த அளவை வைத்துக் கணினி அப்போதே படத்தை வரைகிறது. ப்ரொஜெக்டர் அதை வீசுகிறது.

மூன்றாவதுதான் மோஷன் டிராக்கிங், அதாவது அசைவைத் தொடர்ந்து அளப்பது. அதோடு சேர்த்து, எதன்மேல், எங்கிருந்து, எவ்வளவு வெளிச்சத்தில் படம் விழ வேண்டும் என்று திட்டமிடும் கலைக்கு ப்ரொஜெக்‌ஷன் டிசைன் என்று பெயர்.

பார்ப்பவர் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியலாம். மேடையில் நிற்பவருக்கு அப்படியில்லை. பரதநாட்டியத்தில் பதிவு செய்த இசைக்கு ஆடுவதையும், நட்டுவாங்கமும் மிருதங்கமும் பக்கத்தில் இருக்க ஆடுவதையும் நினைத்துப் பாருங்கள். பதிவு இசை யாருக்காகவும் காத்திருக்காது. மிருதங்கக்காரர் காத்திருப்பார். அபிநயத்தில் ஒரு பார்வையைக் கொஞ்சம் நீட்டினால் அவரும் நீட்டுவார். மோஷன் டிராக்கிங்கின் முழு நியாயமும் இதில்தான் இருக்கிறது: காலத்தை வீடியோவின் கையிலிருந்து எடுத்து நடிகரின் கையில் கொடுப்பது. அது நடக்கவில்லை என்றால் இத்தனை கருவிகளும் வீண்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

உண்மையான ஹோலோகிராம் என்பது ஒளி அலைகளின் வடிவத்தையே பதிவு செய்யும் முறை. மேடையில் அந்தப் பெயரில் காட்டப்படுவது பெரும்பாலும் 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் காட்டிய வித்தையின் வழித்தோன்றல். சாய்த்து நிறுத்திய கண்ணாடியில், பார்வையாளருக்குத் தெரியாத இடத்தில் நிற்கும் ஆளின் பிம்பம் விழும். அந்தப் பிம்பம் மேடையில் ஆவி நிற்பதுபோலத் தோன்றும். 2012இல் அமெரிக்காவின் கோச்செல்லா விழாவில், இறந்துபோன ராப் பாடகர் டூபாக் ஷகூர் மேடையில் தோன்றியதும் இந்த முறையில்தான். கண்ணாடிக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் தாள், மறைந்து நிற்கும் ஆளுக்குப் பதில் கணினியில் உருவாக்கிய படம், அவ்வளவே வித்தியாசம்.

2022இல் லண்டனில் தொடங்கிய 'அப்பா வோயேஜ்' (ABBA Voyage) நிகழ்ச்சி இன்னொரு வகை. சுவீடனின் அப்பா (ABBA) இசைக்குழுவின் நால்வரும் ஐந்து வாரம் சென்சார் உடையில் பாடி ஆடினார்கள், 160 கேமராக்கள் அதைப் பதிவு செய்தன. அதிலிருந்து உருவாக்கிய இளம் உருவங்கள் பெரிய எல்இடி திரையில் ஓடுகின்றன. அசைவு பதிவு அங்கே உண்டு. ஆனால் நிகழ்ச்சி நடக்கும் நேரத்தில் அந்த உருவங்களின் அசைவை யாரும் அளப்பதில்லை.

பதிவு செய்த அசைவு வேறு, அந்தக் கணத்தில் அளக்கும் அசைவு வேறு. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

ஒளியின் கணக்கு

டிராக்கிங் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் பல நிகழ்ச்சிகள் அதற்கு முன்பே, வெளிச்சக் கணக்கில் தோற்றுவிடுகின்றன.

ப்ரொஜெக்டர் வெளியிடும் ஒளியின் மொத்த அளவு லூமென். ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமென் விழுகிறது என்பது லக்ஸ். 5,000 லூமென் ப்ரொஜெக்டர் ஒன்றின் படத்தை 8 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரத்துக்கு விரித்தால் பரப்பு 40 சதுர மீட்டர். 5,000ஐ 40ஆல் வகுத்தால் 125 லக்ஸ். நடிகர் முகத்தில் விழும் மேடை விளக்கோ பல நூறு லக்ஸ் இருக்கும், ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. அந்த விளக்கு தரையில் பட்டுச் சிதறித் திரைக்குப் போனாலே படம் வெளுத்துவிடும். 20,000 லூமென் கருவி வைத்தால் அதே திரையில் 500 லக்ஸ் கிடைக்கும். வாடகையும் அதற்கேற்ப ஏறும்.

இதற்கு மலிவான தீர்வு ஒன்று உண்டு: முன்னாலிருந்து வரும் விளக்குகளைக் குறைத்து, பக்கவாட்டிலிருந்து ஒளி கொடுப்பது. நடிகர் திரையை விட்டுச் சில அடி முன்னால் நின்றால் ஒளி அவர்மேல் பட்டு எதிர்ப்பக்கம் போய்விடும், திரையைத் தொடாது. இதை விளக்கமைப்பாளரும் ப்ரொஜெக்‌ஷன் செய்பவரும் முதல் நாளே உட்கார்ந்து பேச வேண்டும். கடைசி ஒத்திகையில் சண்டை போட்டுப் பயனில்லை.

ப்ரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். படத்தில் கறுப்பாக இருக்கும் இடத்திலும் மெல்லிய சாம்பல் ஒளி கசியும். மேடை முழு இருட்டானால் அந்தச் சாம்பல் நிறச் செவ்வகம் அப்படியே தெரியும்.

வெள்ளைத் திரைக்குப் பதில் மெல்லிய வலைத்துணி தொங்கவிடுவதும் வழக்கம். ஜன்னலில் அடித்த கொசுவலையைப் பகலில் தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே எதுவும் தெரியாது. இரவில் உள்ளே விளக்கு போட்டால் எல்லாம் தெரியும். மேடை வலைத்துணியும் அதேதான். முன்னாலிருந்து படம் விழுந்தால் திரையாகும், பின்னால் நிற்கும் நடிகர்மேல் விளக்கு போட்டால் மறைந்துபோகும். இரண்டையும் அளவாகக் கலந்தால் நடிகரும் படமும் ஒரே காற்றில் நிற்பதுபோல இருக்கும்.

அசைவை அளக்கும் வழிகள்

1. அகச்சிவப்பு கேமரா. நடனத்தில் மிக நன்றாக வேலை செய்வது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாதாரண கேமராவை மேடையில் வைத்தால் முதல் சிக்கல் இருட்டு. இரண்டாவது சிக்கல் இன்னும் மோசம்: ப்ரொஜெக்டர் கலைஞர்மேல் வீசும் படத்தையும் கேமரா பார்க்கும். எது உடல், எது படம் என்று கணினிக்குப் புரியாமல், தான் வரைந்ததையே துரத்த ஆரம்பிக்கும். அகச்சிவப்பு இரண்டையும் தீர்க்கிறது. வீட்டு வாசலில் உள்ள சிசிடிவி கேமரா இரவில் கறுப்பு வெள்ளையாகக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருக்கும் எல்இடிகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன. மேடையிலும் அதே ஏற்பாடு. கேமரா முன் ஒரு வடிகட்டியை வைத்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிட்டால், ப்ரொஜெக்டர் என்ன வீசினாலும் கேமராவுக்கு உடல் மட்டுமே தெரியும். ஒரு எச்சரிக்கை: பழைய ஹாலஜன் விளக்குகள் அகச்சிவப்பையும் ஏராளமாக உமிழ்கின்றன. அப்படி ஒரு விளக்கை ஏற்றினால் கேமரா கூசிப்போகும். எல்இடி விளக்குகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

2. ஆழம் அளக்கும் கேமரா. மைக்ரோசாஃப்ட் 2010இல் வீடியோ விளையாட்டுக்காக வெளியிட்ட கினெக்ட் இந்த வகையில் பெயர்போனது. அகச்சிவப்புப் புள்ளிகளைத் தூவி, அவை விழும் விதத்திலிருந்து தூரத்தைக் கணக்கிட்டது. விலை குறைவு என்பதால் சிறு குழுக்கள் பலவற்றுக்கு இதுவே முதல் வாசல். ஆனால் வரவேற்பறைக்காகச் செய்த கருவி அது. சுமார் நான்கு மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது.

3. ஒளிக்குறிகள். நடிகர் உடையில் சிறிய அகச்சிவப்பு எல்இடிகளைப் பொருத்தி, மேடையைச் சுற்றிப் பல கேமராக்களை வைப்பது. இரண்டு கேமராக்களுக்கு மேல் ஒரே குறியைப் பார்த்தால் அதன் இடத்தை முப்பரிமாணத்தில் துல்லியமாகச் சொல்லிவிடலாம். கனடாவின் பிளாக்டிராக்ஸ் என்ற கருவித்தொகுப்பு இப்படி இயங்குவது. நடிகர் போகும் இடமெல்லாம் விளக்கைத் தானாகத் திருப்பவும் இது பயன்படுகிறது.

4. சென்சார் உடை. உடலின் பகுதிகளில் முடுக்கமும் சுழற்சியும் அளக்கும் சில்லுகள். கேமரா தேவையில்லை, குறுக்கே யாராவது மறைத்துவிடுவார்களோ என்ற கவலையும் இல்லை. ஆனால் சிறு பிழைகள் கூடிக்கூடி, கொஞ்ச நேரத்தில் நடிகர் இருக்கும் இடம் நகர்ந்துவிட்டதாகக் கணினி நினைக்கும். மேடையில் உள்ள இரும்புச் சட்டங்கள் காந்த சென்சாரைக் குழப்புவதும் உண்டு.

5. ரேடியோ குறிச்சில்லு. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஆள் எங்கே நிற்கிறார் என்று சொல்லும், கையை எப்படி வைத்திருக்கிறார் என்று சொல்லாது.

இவற்றோடு, படத்தைப் பார்த்தே மூட்டுகளின் இடத்தைக் கணிக்கும் இயந்திரக் கற்றல் நிரல்களும் இப்போது வந்துவிட்டன. "ஏஐ" என்ற சொல் உண்மையில் பொருந்துவது இங்கேதான். ஆனால் அதற்கும் கேமராவுக்கு உடல் தெரிய வேண்டும், எனவே இருட்டுச் சிக்கல் அப்படியே இருக்கிறது.

இரண்டு கண்கள், ஒரு தரை

அசைவை அளந்தாயிற்று. ஆனால் கேமரா ஓரிடத்தில், ப்ரொஜெக்டர் வேறிடத்தில். கேமரா பார்க்கும் புள்ளி ப்ரொஜெக்டரின் படத்தில் எங்கே வரும்? இதைப் பொருத்தும் வேலைக்குக் கேலிப்ரேஷன் என்று பெயர். தட்டையான தரை என்றால் நான்கு மூலைகளைக் குறித்தால் போதும், மீதியைக் கணக்கு பார்த்துக்கொள்ளும்.

சிக்கல், அந்தக் கணக்கு தரைக்கு மட்டுமே சரி என்பது. கலைஞர் எழுந்து நின்றால் தலை தரையிலிருந்து ஐந்தரை அடி மேலே இருக்கிறது. கேமராவும் ப்ரொஜெக்டரும் வெவ்வேறு கோணத்தில் பார்ப்பதால் பாதத்தில் கச்சிதமாக உட்கார்ந்த ஒளி தலையில் விலகிவிடும். அதனால்தான் இரண்டையும் முடிந்தவரை பக்கத்தில் பக்கத்தில் மாட்டுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் சங்கி மூவ் நடனக் குழு 2006இல் செய்த 'குளோ' என்ற படைப்பு இந்த எல்லைக்குள்ளேயே அழகைக் கண்டெடுத்தது. ஒரே நடனக் கலைஞர், மேலிருந்து பார்க்கும் அகச்சிவப்பு கேமரா, மேலிருந்து விழும் படம். கலைஞர் பெரும்பாலும் தரையோடு தரையாகப் புரண்டு ஆடுகிறார். பார்வையாளர்கள் சுற்றி உட்கார்ந்து கீழே பார்க்கிறார்கள். நடன அமைப்பு கிடியன் ஒபார்சானெக், மென்பொருள் ஜெர்மானியப் பொறியாளர் ஃப்ரீடர் வைஸ். கருவியின் குறையை நடனமே ஏற்றுக்கொண்டது. இந்தத் துறையில் இதைவிடப் புத்திசாலித்தனமான முடிவை நான் அறியேன்.

தாமதம் என்ற எதிரி

இனி மிக முக்கியமான இடம். அசைவுக்கும் படத்துக்கும் நடுவே கழியும் நேரம் எங்கிருந்து வருகிறது?

1. நொடிக்கு 60 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கு சுமார் 17 மில்லி விநாடி.
2. அந்தப் படத்திலிருந்து உடலைப் பிரித்தெடுக்கக் கணினிக்குக் கொஞ்சம்.
3. புதுப் படத்தை வரைய இன்னொரு 17.
4. ப்ரொஜெக்டர் தனக்குள் படத்தைச் சரிசெய்து வெளியிட மேலும் ஒன்றிரண்டு படத்தின் நேரம்.

எல்லாம் சேர்த்து 80 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு ஒளி 8 சென்டிமீட்டர் பின்தங்கும், பரவாயில்லை. நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வீசிய கைக்கு 32 சென்டிமீட்டர். கை ஓரிடம், ஒளி வேறிடம். ரசிகருக்குக் காரணம் தெரியாது. ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் தோன்றும்.

தோல்பாவைக் கூத்தில் பாவையைத் துணியோடு அழுத்தி ஆட்டும்போது நிழலுக்குத் தாமதமே கிடையாது, ஏனென்றால் அங்கே அளப்பவர் யாரும் இல்லை. ஒளியே உடலைத் தொட்டு வருகிறது. மேடைத் தொழில்நுட்பம் இத்தனை கருவிகளோடு எட்டிப் பிடிக்க முயல்வது அந்த நிழலின் ஒட்டுதலைத்தான்.

டிசைனர்கள் என்ன செய்கிறார்கள்?

முதலாவது, ஒளியின் ஓரத்தை மங்கலாக்குவது. கூர்மையான கோடு பிழையைக் காட்டிக்கொடுக்கும், மங்கலான வளையம் மன்னிக்கும். இரண்டாவது, தாமதத்தையே அழகாக்குவது. புகை, நீர், துகள்கள் எல்லாம் இயல்பிலேயே உடலுக்குப் பின்னால் வருபவை. மேடையில் ஏன் எப்போதும் துகள்களாகவே பறக்கின்றன என்று கேட்பவர்களுக்குப் பாதி பதில் இது. மூன்றாவது, முன்கணிப்பு. கை போகும் திசையையும் வேகத்தையும் பார்த்து, 80 மில்லி விநாடி கழித்து எங்கே இருக்கும் என்று ஊகித்து அங்கே வீசுவது. கை திடீரென்று நின்றால் ஒளி தாண்டிப் போய்விடும். அடவின் முடிவில் டக்கென்று நிற்கும் பரதநாட்டியம் போன்ற ஆட்டத்துக்கு இந்த முறை ஆகாது.

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் மசதோஷி இஷிகாவா ஆய்வுக்கூடம் வேறு வழியில் போனது. நொடிக்கு 1,000 படம் வீசும் ப்ரொஜெக்டரை உருவாக்கி, தாமதத்தை மூன்று மில்லி விநாடி அளவுக்குக் கொண்டுவந்தது. அசையும் சட்டையின் சுருக்கத்தில்கூடப் படம் அச்சடித்ததுபோல ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலான அரங்குகளில் இன்றும் இருப்பதோ நொடிக்கு 60 படக் கருவிகள்தான்.

ஒரே கலைஞர், இரண்டு வழிகள்

ஆஸ்திரியக் கலைஞர் கிளவுஸ் ஓபர்மையர் 1990களின் இறுதியில் 'டேவ்' என்ற படைப்பைச் செய்தார். முன்பே தயாரித்த வீடியோ நடனக் கலைஞரின் உடல்மேல் விழும். டிராக்கிங் கிடையாது. உடல் சரியான இடத்தில், சரியான நொடியில் இருந்தால்தான் படம் பொருந்தும். பொருந்தும்போது, தாமதம் என்ற பேச்சே இல்லாததால், ஒட்டுதல் அபாரமாக இருந்தது. 2004இல் லின்ஸ் நகரத்து ஆர்ஸ் எலெக்ட்ரானிகா விழாவுக்காக அவரே 'அப்பாரிஷன்' செய்தார். இப்போது அகச்சிவப்பு கேமரா உடலின் வடிவத்தைப் பிடிக்க, படம் உடலைத் தொடர்ந்தது. கலைஞருக்கு விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமை வந்தது.

முதல் வழி தாழ்ந்தது, இரண்டாவது உயர்ந்தது என்று நினைக்கக் கூடாது. ஒன்றில் துல்லியம், மற்றதில் சுதந்திரம். எந்தக் காட்சிக்கு எது வேண்டும் என்பதே கேள்வி. அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 1999இல் 'பைப்பெட்' நடனத்தில் மோஷன் கேப்சரில் பதிவு செய்த அசைவுகளைக் கோட்டோவிய உருவங்களாக மாற்றி, மேடைக்கு முன்னால் தொங்கிய வலைத்துணியில் வீசினார். படமும் நடனமும் ஒன்றையொன்று பின்தொடர வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. அவருடைய நடனத்தில் இசையும் அசைவும்கூடத் தனித்தனியாகத்தான் போகும். அங்கே டிராக்கிங்குக்கு வேலை இல்லை.

வசனம் பேசும் நாடகத்தில்

நாடகத்தில் இதன் பெரிய சோதனை 2016 நவம்பரில் இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் நடந்தது. ஷேக்ஸ்பியர் இறந்து 400 ஆண்டு நிறைவு. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி, கணினிச் சில்லு நிறுவனமான இன்டெல், அசைவுப் பதிவு செய்யும் இமாஜினேரியம் ஸ்டூடியோஸ் மூன்றும் சேர்ந்து 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தை மேடையேற்றின. இயக்கம் கிரகரி டோரன். மாயம் அறிந்த பிராஸ்பெரோவாக சைமன் ரஸ்ஸல் பீல், அவருக்கு ஏவல் செய்யும் காற்று ஆவி ஏரியலாக மார்க் குவார்ட்லி.

குவார்ட்லி தன் உடைக்குள் சென்சார்களை அணிந்திருந்தார். அவர் அசைவு கம்பியில்லாமல் கணினிக்குப் போய், வீடியோ விளையாட்டுகளை இயக்கும் வகை மென்பொருளில் ஒரு ஆவி உருவத்தை ஆட்டியது. அந்த உருவம் மேடையில் தொங்கிய வலைத்துணிகளில் விழுந்தது. நாடகத்தில் ஏரியல் ஒருமுறை பறவை உடலும் பெண் முகமும் கொண்ட ஹார்ப்பியாக மாறிப் பாவிகளை அச்சுறுத்தும். அந்தக் காட்சியில் பிரம்மாண்ட உருவமும் நடிகரின் குரலும் சேரும்போது தொழில்நுட்பத்துக்கான நியாயம் முழுமையாகக் கிடைத்தது. வசனத்தை நடிகர் நிறுத்தினால் உருவமும் நிற்கும்.

சென்சார் உடையைத் தேர்ந்ததும் காரணத்தோடுதான். அங்கே படம் நடிகர் உடல்மேல் ஒட்ட வேண்டியதில்லை, தூரத்தில் வேறொரு துணியில் விழுகிறது. அதனால் இடப்பிழையும் சிறு தாமதமும் உறுத்தாது.

ஆனால் ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. மேடையில் இப்போது இரண்டு ஏரியல்கள்: ஒன்று ரத்தமும் சதையும், இன்னொன்று ஒளி. கண் எதைப் பார்க்கும்? நல்ல நடிகர் அருகில் நின்றால் கண் அவரிடமே திரும்பும். எனவே நடிகரை மறைக்க வேண்டும், அல்லது இருவரும் ஏன் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள் என்பதற்குக் கதையிலேயே காரணம் வேண்டும். மென்பொருளால் இதைத் தீர்க்க முடியாது. இயக்குநர்தான் தீர்க்க வேண்டும்.

இறங்கும் முன் யோசிக்க வேண்டியவை

1. பின்னால் உட்கார்ந்து இயக்கும் ஆளை விட்டுவிடாதீர்கள். இரண்டு பேர் குறுக்கே கடந்தால் கணினி ஒருவரை மற்றவராக எடுத்துக்கொள்ளும். குறிச்சில்லு கழன்று விழும். அப்போது ஒரு விசையில் முன்பே தயாரித்த வீடியோவுக்கு மாற்றக்கூடிய ஒருவர் எப்போதும் வேண்டும். பிரான்சின் அத்ரியன் எம், கிளேர் பி குழு தங்கள் படைப்புகளில் மனிதக் கையால் படத்தை இயக்குவதை, இசைக்கருவி வாசிப்பதுபோன்ற கலையாகவே வளர்த்தெடுத்தது. பணம் குறைந்த குழுவுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, தொடக்கத்தில் சொன்ன மூன்றில் இந்த இரண்டாவது வழியைத்தான்.

2. ஒத்திகை நாட்களைக் கணக்கிடுங்கள். கருவி அரங்கில் மாட்டப்பட்டால்தான் ஒத்திகை. வாடகை அரங்கில் காலையில் மாட்டி மாலையில் நிகழ்ச்சி என்றால் கேலிப்ரேஷனுக்கே நேரம் போதாது.

3. பதிவான அசைவு யாருடையது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் உடை அளந்ததைச் சேமித்தால், அதை வைத்து நாளை அந்தக் கலைஞர் இல்லாமலேயே ஒரு உருவத்தை ஆட்ட முடியும். அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுகளுக்கு நடிப்பவர்கள் 2024 ஜூலையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில், ஏஐ பயன்பாட்டில் தங்கள் குரலுக்கும் அசைவுக்கும் பாதுகாப்பு கேட்டது முக்கியக் கோரிக்கை. மேடைக் கலைஞருக்கும் அதே கேள்வி உண்டு.

4. பத்து ஆண்டு கழித்து மறுபடி மேடையேற்ற முடியுமா என்று பாருங்கள். கினெக்ட் உற்பத்தி 2017இல் நின்றது. அதன் பின் வந்த அஸூர் கினெக்ட் 2023இல் நின்றது. அந்தக் கருவியை நம்பி எழுதிய நிரலை ஓட்ட, வேலை செய்யும் பழைய கருவி ஒன்றும் அதற்கேற்ற பழைய கணினியும் வேண்டும். 'பைப்பெட்' போன்ற படைப்பின் வீடியோவைப் புது ப்ரொஜெக்டரில் போட்டுவிடலாம். நேரலையில் அளந்து வரைந்ததை அப்படிப் போட முடியாது. குறைந்தபட்சம், எந்த அசைவுக்கு எந்த ஒளி என்ன வேகத்தில் பதில் சொன்னது என்பதையாவது கலைஞரும் நிரல் எழுதியவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஜதிகளை நோட்டில் எழுதி வைப்பதுபோல, காட்சிக்குக் காட்சி தமிழிலேயே எழுதி வைக்கலாம்.